கதிர்காமக் கரைவழி: காடு திறக்கும் நாளும் காலின் கணக்கும்

சித்திரா பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோட்டத்துக்கு ஏறி இறங்கிய அன்பர்கள், வெயில் தணிந்த மாலையில் பளியன்குடி அடிவாரத்தில் அமர்ந்து கால்களை நீவிக்கொண்டிருப்பார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் திறக்கும் காட்டுவழி அது. ஏறத்தாழ ஆறரைக் கிலோமீட்டர் ஏற்றம். அந்தக் களைப்பிலேயே அடுத்த நடையைப் பற்றிய பேச்சும் எழும். தைப்பூசத்துக்குப் பழநி நடப்பவர்கள், சித்திரை முதல் நாளில் மாவூற்று வேலப்பரைக் காணச் செல்பவர்கள், அமாவாசைதோறும் சுருளி தீர்த்தம் ஆடுபவர்கள் என நடையையே வழிபாடாகக் கொண்ட குடும்பங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஏராளம். அவர்களில் சிலருடைய பேச்சில் கடல் கடந்த ஓர் ஊரின் பெயரும் அடிபடுவதுண்டு. இலங்கையின் தென்கிழக்கில், மாணிக்க கங்கைக் கரையில், அருணகிரிநாதர் பாடிய கதிர்காமம்.

கதிர்காமத்துக்குப் பேருந்திலும் போகலாம்; கொழும்பிலிருந்து ஒரு பகல் பயணம்தான். ஆனால் பழைய அடியார்கள் தேர்ந்த வழி வேறு. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி முருகனை வணங்கி, வேல் ஒன்றை முன்னே ஏந்திக்கொண்டு, கிழக்குக் கடற்கரையை ஒட்டியே தெற்கு நோக்கி இறங்கும் நடை அது. முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று ஊர்களும் கோயில்களும் தொடரும். உகந்தைக்கு அப்பால் ஊர் இல்லை; குமண, யால காடுகள். மொத்தம் 500 கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ ஒன்றரை மாதம். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் அறுபட்டுக் கிடந்த இவ்வழி, 2009இல் போர் முடிந்த பின் மெல்ல மெல்ல மீண்டும் முழுமையாக இணைந்தது. இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் உகந்தைக் காட்டைக் கடக்கிறார்கள்.

பள்ளத்தாக்கு மக்களுக்கு இவ்வழி முற்றிலும் அந்நியமானதன்று. செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது உடனிருந்த வேந்தருள் இலங்கைக் கயவாகுவும் ஒருவன் என்று சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் சொல்கிறது. கண்ணகி வழிபாடு தீவுக்குச் சென்றது அவன் வழியாகத்தான் என்பது அங்கும் இங்கும் நிலவும் மரபு. முல்லைத்தீவுக்கு அருகே வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலின்போது அந்த அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கிறார்கள். செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்ட அடியார்கள் வழியில் அந்தப் பொங்கலைக் கண்டு வணங்கிய பின்பே மேலே நடப்பது வழக்கம். மங்கலதேவி மலையேறியவர்களுக்கு இதற்குமேல் அறிமுகம் வேண்டியதில்லை. மாவூற்று வேலப்பருக்குப் பளியர் பூசை செய்வதைக் கண்டு வளர்ந்தவர்களுக்குக் கதிர்காமத்தின் முறையும் வியப்பைத் தராது. அங்கே பூசை செய்பவர்கள் கப்புறாளைமார். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் ஓதாமல், மௌனமாகச் செய்கிறார்கள். கருவறைக்கு முன் தொங்கும் திரை விலகுவதே இல்லை. வள்ளி வேடர் குலத்துப் பெண்; அவளைத் தேடி வந்தவனுக்குக் காட்டு முறையே உகந்தது போலும்.

இவ்வளவும் கேட்டு ஆசை கொள்வது எளிது. திட்டமிடுவது எளிதன்று. உத்தமபாளையத்துக்கு அருகே ஒரு வீட்டில் நடந்ததைப் பார்த்தாலே அது விளங்கும்.

அந்த வீட்டின் பெரியவர் ஒருமுறை நோயுற்று எழுந்தபோது, கதிர்காமத்துக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டார். நிறைவேற்றுமுன் காலமானார். அந்த நேர்த்திக்கடனைத் தாம் தீர்க்க வேண்டும் என்பது அவருடைய மனைவியின் உறுதி. அவருக்கு வயது 68. முப்பது ஆண்டுகள் விடாமல் பழநிக்கு நடந்தவர். ஆனால் சர்க்கரை நோய் உண்டு; முந்தைய ஆண்டு இடக்குதிகாலில் தைத்த முள் ஆறுவதற்கு இரண்டு மாதங்கள் ஆயின. மகன் திராட்சை விவசாயி. மருமகள் பொறுமைசாலி; ஆயினும் மாமியாரின் காலைத் தினமும் கழுவித் துடைத்துப் பார்த்தவர் அவர்தான் என்பதால் முதல் மறுப்பும் அவரிடமிருந்தே வந்தது. கல்லூரியில் படிக்கும் பேரனுக்குக் காடும் கடற்கரையும் சேர்ந்த ‘ட்ரெக்கிங்’ என்ற அளவில் பெரும் உற்சாகம்.

“அப்பத்தா, உன் காலு அம்புட்டுத் தூரம் தாங்குமா?” என்று அவன் கேட்டான்.

“முப்பது வருசமாப் பழநிக்கு நடந்த காலுய்யா இது” என்றார் அவர்.

முதல் பிழை நாட்காட்டியில் நேர்ந்தது. ஆடிவேல் என்ற பெயரைக் கேட்டதும் ஆடி மாதத்தில்தான் விழா என்று கொண்டு, ஜூலை மூன்றாம் வாரத்துக்கு மதுரையிலிருந்து கொழும்புக்கு நான்கு விமானச் சீட்டுகள் எடுத்துவிட்டார்கள். கதிர்காமப் பெருவிழா எசல என்னும் சிங்கள மாதத்து முழுநிலாவை ஒட்டி முடிவது. அந்த முழுநிலா சில ஆண்டுகளில் ஜூலைத் தொடக்கத்திலேயே வந்துவிடும்; தமிழ் நாட்காட்டியில் அப்போது ஆனி கூட முடிந்திராது. அவர்கள் தேர்ந்த ஆண்டு அத்தகையது. சீட்டுகளை மாற்றியதில் கையைவிட்டுப் போன பணம் சிறிதன்று. பெயரை நம்பாமல் அவ்வாண்டின் கொடியேற்ற நாளையும் தீர்த்த நாளையும் கேட்டறிந்த பின்பே சீட்டு எடுப்பது உத்தமம்.

அதைவிடவும் முக்கியமான நாள் ஒன்றுண்டு. உகந்தைக்கு அப்பால் உள்ள காடு ஆண்டு முழுவதும் பொதுமக்கள் நடப்பதற்கு மூடப்பட்டது. விழாவை முன்னிட்டு அந்த வாயில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் மட்டும் திறக்கும். எந்த நாள் திறப்பது, எந்த நாள் அடைப்பது என்பதை மாவட்ட நிர்வாகமும் வனஜீவராசிகள் திணைக்களமும் பிற துறையினரும் ஒவ்வோர் ஆண்டும் கூடி முடிவுசெய்கிறார்கள். முடிவு வந்த பின் மாறிய ஆண்டுகளும் உண்டு. எனவே இந்த யாத்திரையின் திட்டத்தைப் புறப்படும் நாளிலிருந்து முன்னோக்கி வகுக்கக் கூடாது. வாயில் திறந்திருக்கும் நாள்களிலிருந்து பின்னோக்கி வகுக்க வேண்டும். வாயிலின் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் நடுவே ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன் எத்தனை நாள் நடை, அதற்கு முன் எத்தனை நாள் பயணம் என்று பின்னே வந்தால் வீட்டை விட்டுக் கிளம்பும் தேதி தானாகவே கிடைக்கும். கடைசி நாளை நம்பிப் போவோர் வாயிலில் ஏமாற நேரிடலாம்.

திராட்சைக்காரருக்கு இந்தப் பின்னோக்கிய கணக்கு புதிதன்று. கவாத்து வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுவடை. அறுவடை எப்போது வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டே கவாத்து நாளைக் குறிப்பவர்கள் அவர்கள். கொடியில் குலை தொங்கும்போது தோட்டக்காரர் பதினைந்து நாள் வீட்டில் இல்லாமலிருப்பது நடவாத செயல். ஆகவே விழா நாள் தெரிந்தவுடன் அந்த மகன் முதலில் தொட்டது கடவுச்சீட்டை அன்று, கவாத்துக் கத்தியை.

அடுத்த கேள்வி, எவ்வளவு தூரம் நடப்பது? செல்வச்சந்நிதியிலிருந்தே நடக்க வேண்டும் என்பது பேரனின் ஆசை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் சேவை தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டு அன்பர்கள் பலருக்கும் இந்த எண்ணம் தோன்றுகிறது. காங்கேசன்துறையில் இறங்கினால் தொண்டைமானாறு அருகில்தான். ஆனால் இலங்கை தரும் சுற்றுலா அனுமதி தொடக்கத்தில் 30 நாள்களுக்கே. நடையோ 45 நாள்களுக்குக் குறையாது. அனுமதியை நீட்டிக்க வழியுண்டு. எனினும் அதற்கான அலைச்சலை நடையின் நடுவே வைத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது. விடுமுறையும் தோட்டமும் வயதும் அனுமதிக்கும் நாள்கள் பதினைந்து என்றால், பதினைந்து நாளுக்கு உரிய வழியை நிதானமாக நடப்பதே முறை. 500 கிலோமீட்டரையும் தொட்டுவிட வேண்டும் என்று பாதி வண்டியிலும் பாதி ஓட்டத்திலும் விரைகிறவர்கள் எந்தக் கோயில் வாசலிலும் ஓர் இரவு அமைதியாகத் தங்க மாட்டார்கள். இந்நடையின் சுவையே அந்த இரவுகளில்தான் இருக்கிறது. கோயில் முன்றிலில் பாய் விரித்துப் படுப்பதும், ஊரார் கொண்டுவரும் அன்னத்தைச் ‘சாமி, சாப்பிடுங்கோ’ என்ற சொல்லோடு பெறுவதும், விடியுமுன் ‘அரோகரா’ ஒலியில் எழுவதும் விரைந்து செல்பவர்க்குக் கிட்டா.

பத்துப் பதினைந்து நாள் உடையவர்களுக்கு ஏற்ற தொடக்கம் திருக்கோவில். கடற்கரையிலேயே அமைந்த சித்திர வேலாயுத சுவாமி கோயில் அது. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு ரயில் உண்டு. அங்கிருந்து கடலோரச் சாலையில் பேருந்து. திருக்கோவிலிலிருந்து பொத்துவில் இரண்டு நாள் நடை. பொத்துவிலிலிருந்து அறுகம் குடாவையும் பாணமையையும் கடந்து உகந்தை இன்னும் இரண்டு நாள். அறுகம் குடா உலகெங்கிலுமிருந்து அலைச்சறுக்கு விளையாட வருவோர் கூடும் கடற்கரை. ஒரே சாலையில் ஒருபுறம் சறுக்குப் பலகையைத் தோளில் சுமந்த வெளிநாட்டு இளைஞர்களும், மறுபுறம் மூட்டையைத் தலையில் சுமந்த மஞ்சள் உடை அடியார்களும் எதிரெதிரே செல்லும் காட்சி வேறெங்கும் காணக் கிடைக்குமோ என்பது ஐயமே.

உகந்தையில் ஒரு நாளேனும் தங்க வேண்டும். சூரபதுமனை வென்ற பின் முருகன் கல் ஓடத்தில் வந்து இறங்கிய கரை அது என்பது தல மரபு. ஓடம் உறைந்ததாகச் சொல்லும் பாறை கடலோரத்தில் இருக்கிறது. கோயிலை அடுத்த பாறைக்குன்றில் வள்ளி சந்நிதியும் சுனைகளும் உண்டு. காட்டுக்குள் போகிறவர்கள் உடலையும் மூட்டையையும் சரிபார்த்துக்கொள்ளும் கடைசி இடமும் இதுவே.

காட்டுக்குள் நான்கைந்து நாள். கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று தங்குமிடங்களின் பெயர்களை அடியார்கள் மந்திரம்போல் சொல்வார்கள். இங்கேதான் பழநி நடைக்கும் இந்நடைக்கும் உள்ள வேறுபாட்டை உணர வேண்டும். பெரியகுளம், வத்தலக்குண்டு, செம்பட்டி, ஒட்டன்சத்திரம் என்று பழநி வழியில் அடிக்கொரு தேநீர்க்கடையும் அன்னதானப் பந்தலும் இருக்கும். கால் வலித்தால் பேருந்து நிற்கும். தைமாதக் குளிரில் இரவு முழுக்க நடக்கலாம். கதிர்காமக் காட்டில் இவை எதுவும் இல்லை. யானை, கரடி, சிறுத்தை, காட்டெருமை உலவும் இடம். ஆற்றில் முதலை உண்டு. இருட்டிய பின் நடை கூடாது. கூட்டத்தை விட்டுத் தனியே ஒதுங்கவும் கூடாது. கைப்பேசியை நம்பிப் பயனில்லை.

எல்லாவற்றினும் கடுமையானது தண்ணீர். ஜூன், ஜூலையில் கம்பம் பள்ளத்தாக்கில் மேற்கு மலையைத் தாண்டி வரும் காற்றில் சாரல் கலந்திருக்கும். முல்லைப் பெரியாற்று நீர் வாய்க்காலில் ஓடும். 1895இல் அணை திறந்த நாள்முதல் அந்த நீரைப் பார்த்தே வளர்ந்த தலைமுறைகள் இப்பள்ளத்தாக்கினர். அதே பருவக்காற்று இலங்கையின் நடுமலையில் தன் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்குக் கரைக்கு வறண்ட காற்றாக இறங்குகிறது, கச்சான் என்பார்கள். அந்தக் கரைக்கு மழை கார்த்திகை, மார்கழியில்தான். ஆகவே விழாக் காலம் அங்கே உச்சக் கோடை. ஆறுகள் வற்றி நடந்து கடக்கும் அளவுக்கு இறங்குவதால்தான் காட்டுவழி நடக்கத் தக்கதாகிறது. குடிக்க நீரில்லாமல் போவதும், எஞ்சிய நீர்நிலைகளில் விலங்குகள் கூடுவதும் அந்தக் காரணத்தாலேயே. வழியைத் திறந்துவிடும் வறட்சியே வழியின் ஆபத்தும் ஆகிறது.

இப்போது படையினரும் தொண்டு அமைப்புகளும் உள்ளூர்ச் சபையினரும் தங்குமிடங்களில் தாங்கிகளில் நீர் நிரப்பி வைக்கிறார்கள். அது பெரும்புண்ணியம். எனினும் ஒரு தாங்கிக்கும் அடுத்த தாங்கிக்கும் இடையில் வெயிலில் பல மணி நேரம் நடக்க வேண்டும். ஒருவருக்கு ஐந்து லிட்டர் கொள்ளும் கலம் தேவை. நிரப்பினால் அது ஐந்து கிலோ. இந்த எடையை முதலில் கணக்கில் எழுதிவிட்டு, மற்றப் பொருள்களை மீதி எடைக்குள் அடக்குவதே சரி. பெரும்பாலோர் மறுதலையாகச் செய்கிறார்கள். துணிமணியும் தின்பண்டமும் நிறைத்துவிட்டுத் தண்ணீருக்குக் கை இல்லாமல் நிற்கிறார்கள். அவல், வெல்லம், பொரிகடலை, உப்பும் சர்க்கரையும் கலந்து குடிக்கும் நீரிழப்புப் பொட்டலங்கள், ஒரு போர்வை, கைவிளக்கு, மாற்றுடை ஒன்று. இதற்குமேல் எடுத்துச் சென்ற எதையும் மூன்றாம் நாள் மரத்தடியில் விட்டுவிடத் தோன்றும். அவ்வாறு விடவும் கூடாது. கொண்டுபோன நெகிழிப்பை ஒவ்வொன்றையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். யானையின் வயிற்றில் பை சேர்ந்த பின் ‘அரோகரா’ சொல்லி என்ன பயன்?

அந்தக் குடும்பம் பயிற்சியை மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்கியது. வாய்க்கால் கரையில் விடியற்காலை நடை. வாரம் ஒருமுறை மூட்டையோடு கம்பத்திலிருந்து சுருளிக்கு. நடை கைவந்தது என்று எண்ணியிருந்தபோது, ஒரு சனி ஞாயிறு தனுஷ்கோடிக்குப் போனார்கள். இராமேசுவரத்தில் தீர்த்தமாடி இராமநாதரை வணங்கிய மறுநாள், பழைய தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை வரை, 2017இல் திறந்த சாலையில் ஏறாமல், கடலோர மணலிலேயே நடந்தார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர்தான். சுருளிக்குப் பாட்டு முணுமுணுத்தபடி போன பேரன் அங்கே இரண்டாம் கிலோமீட்டரில் பேச்சை நிறுத்திவிட்டான். மணலில் ஒவ்வோர் அடியும் அரை அடி பின்வாங்கும், கெண்டைக்கால் இறுகும், செருப்புக்குள் புகுந்த மணல் தோலைத் தேய்க்கும். அரிச்சல்முனையில் உட்கார்ந்தபோது அப்பத்தாவின் குதிகாலில் பழைய வடு சிவந்திருந்தது. எதிரே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் தலைமன்னார். 1964 புயலுக்கு முன்பு, சென்னையில் ரயிலேறியவர்கள் இங்கிருந்தே கப்பல் மாறி அக்கரைக்குப் போன இடம் அது. அவர் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் ஒன்றும் சொல்லாமல் காலைத் துடைத்துவிட்டார்.

அந்தச் சிவப்பு வடுவே முடிவைக் கொண்டுவந்தது. சர்க்கரை நோயாளியின் காலில் உணர்ச்சி மங்கியிருக்கக் கூடும். கொப்புளம் எழுந்தது தெரியாமலே நடப்பார்கள். ஊரில் என்றால் மருத்துவரிடம் காட்டலாம். வியாழையில் என்ன செய்வது? மருத்துவர் ஒருவரிடம் சென்றார்கள். கடலோரச் சாலை நடைக்கு அவர் தடை சொல்லவில்லை; காட்டுக்குள் கூடாது என்றார். காலணி புதிதாக வாங்க வேண்டாம், மூன்று மாதம் பழகியதையே அணிய வேண்டும். காலையும் மாலையும் பாதத்தைப் பிறர் பார்க்க வேண்டும். மாத்திரை வேளை தவறக் கூடாது. அன்னதானச் சோறு கிடைக்கும் நேரம் நிச்சயமில்லாததால் கையில் எப்போதும் உணவு இருக்க வேண்டும் என்பன அவர் சொன்னவை. இது அந்த அப்பத்தாவுக்கு மட்டும் உரிய அறிவுரை அன்று.

நேர்த்திக்கடன் பாதியில் நிற்கலாமா என்பதுதான் அவருடைய ஏக்கம். நடையில் ஒரு பகுதியை ஒருவரும் மறுபகுதியை அவர் பேரனும் நடந்தால் அது ஒரே வீட்டின் நடைதானே என்று மகன் சொன்னார். நேர்ந்துகொண்டவர் அந்த வீட்டின் தலைவர். கடன் வீட்டுக்கு உரியது. அம்மா உகந்தை வரை நடப்பது, அங்கே வேலைப் பேரன் கையில் கொடுப்பது, மகனும் பேரனும் காட்டைக் கடப்பது, மாமியாரும் மருமகளும் பொத்துவிலுக்குத் திரும்பி மொனராகலை, புத்தல வழியாகப் பேருந்தில் கதிர்காமம் சென்று காத்திருப்பது என்று முடிவாயிற்று. அப்பத்தா இரண்டு நாள் எவரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் பேரனை அழைத்து, வேலை எந்தத் தோளில் சாய்த்துப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தார்.

பணவிஷயம் பற்றி ஒரு சொல். கடலோரச் சிற்றூர்களில் அட்டையை நம்ப இயலாது. இந்திய ரூபாயைக் கடைகளில் வாங்க மாட்டார்கள். கொழும்பிலேயே இலங்கை ரூபாயாக மாற்றி, குடும்பத்தினர் ஒவ்வொருவரும் ஒரு பங்கு வைத்துக்கொள்வது நல்லது. ஒரே பையில் அனைத்தும் இருப்பது தவறு. பொத்துவிலுக்குப் பிறகு செலவே இல்லை என்று சொல்லலாம். கடவுச்சீட்டை நீர் புகாத உறையிலும், அதன் நகலை வேறு பையிலும் வைக்க வேண்டும். இரண்டாகப் பிரிகிறவர்கள், எந்த நாள், எந்த இடத்தில் சந்திப்பது என்பதைத் தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் தாமதமானால் பதறக் கூடாது என்பதையும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

உகந்தையில் அவர்கள் பிரிந்த காலையில் வாயிலில் நீண்ட வரிசை. மட்டக்களப்பிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர், காட்டுக்குள் போகாமல் நிற்கும் அப்பத்தாவைப் பார்த்து, “கவலப்படாதீங்கோ, போன வருசம் நானும் சுத்தித்தான் போனன்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். இரு மூதாட்டியரும் வள்ளி சந்நிதிக்குப் படியேறினார்கள்.

மாணிக்க கங்கைக் கரையில் மருமகளும் மாமியாரும் ஐந்து நாள் காத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் பிற்பகல், உதடு வெடித்து, முகம் கறுத்து, மகனும் பேரனும் மற்ற அடியார்களோடு ஆற்றங்கரைக்கு வந்துசேர்ந்தார்கள். பேரனால் பேச முடியவில்லை. வேலை அப்பத்தாவிடம் நீட்டினான். அவர் அதை வாங்கி மருமகளிடம் கொடுத்துவிட்டு, படிக்கட்டில் அவனை உட்காரவைத்து, குனிந்து அவனுடைய செருப்பின் வாரை அவிழ்த்தார்.

“காலு எப்படிய்யா இருக்கு?” என்றார்.